வெலிமடை: நிலமும் மரபும்

தோற்றுவாய்

மலைநாட்டின் எழிலைக் காண வருவோர் பலர். அவருட் பெரும்பாலார் நுவரெலியாவின் பூங்காக்களையும், பண்டாரவளை, எல்ல முதலிய இடங்களின் குன்றுகளையும் கண்டு மகிழ்ந்து மீள்வர். இவ்விரு புறத்துக்கும் நடுவே, நாற்றிசையும் மலைகள் வேலியிட, அகன்ற கிண்ணம் போலத் தாழ்ந்து கிடக்கும் வெலிமடையோ அவர்க்குப் பேருந்து மாறும் ஓர் இடமாகவே தோன்றுகின்றது. பேராதனையிலே தொடங்கி, நுவரெலியாவையும் பதுளையையும் ஊடறுத்து, கீழைக்கரையை அடுத்த செங்கலடியிலே முடியும் நெடுஞ்சாலை இவ்வூரினூடே செல்கின்றது. அச்சாலையிற் செல்வோர் பலராயினும் ஊரை அறிந்து செல்வோர் சிலரே.

அவ்வாறு கடந்து செல்வோரைக் குறை கூறுதல் எமது கருத்தன்று. இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த நம்மவர் இதனை எத்துணை அறிந்துள்ளோம் என்பதே யாம் எழுப்பும் வினா. ஒரு நிலத்தில் வாழ்தல் வேறு. அந்நிலத்தை அறிந்து வாழ்தல் வேறு. அறிந்து வாழ்வோர்க்கே அது சொந்த ஊராகின்றது.

பண்டைத் தமிழ்ச் சான்றோர் நிலத்தையும் வாழ்வையும் பிரித்துக் கண்டாரல்லர். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகத் தொல்காப்பியர் வகுத்த முறை, செய்யுளை ஆராய்வதற்கு மட்டுமன்றி ஓர் ஊரை ஆராய்வதற்கும் ஏற்ற கருவியாகும். முதற்பொருளாவது நிலமும் பொழுதும். கருப்பொருளாவது அந்நிலத்தில் தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன. உரிப்பொருளாவது அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கம். இம்முறையைத் துணையாகக் கொண்டு வெலிமடையை ஈண்டு ஒரு பாடமாகப் படிப்போம்.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

வெலிமடைக்கு மேற்கே 7,000 அடிக்கு மேல் உயர்ந்த ஹக்கல மலைத்தொடர் அரண் போல நிற்கின்றது. அதன் சரிவுகளிலே முகில் தவழும் சோலைக்காடு. அதனின் இறங்கினால் ஊவாவுக்கே உரிய பத்தனாப் புல்வெளிகள். அவற்றிலும் தாழ்ந்த பள்ளங்களிலே உமா ஓயாவும் அதன் கிளைகளும் பாய, படிப்படியாக அமைந்த நெல்வயல்கள். காடு குறிஞ்சி, புல்வெளி முல்லை, வயல் மருதம். மூன்று திணைகளையும் ஒரே காட்சியிற் காட்டும் இடம் இது. திணைமயக்கம் என்பது யாது என்று வினவும் மாணாக்கனை இங்குள்ள ஒரு மேட்டில் நிறுத்திச் சுற்றிப் பார்க்கச் சொன்னாற் போதும், உரையாசிரியர் வேண்டா.

இனிப் பொழுதைக் காண்போம். தென்மேற்குப் பருவக்காற்று கடலினின்று கொணரும் நீரையெல்லாம் மலையின் மேற்குச் சரிவிலே பொழிந்துவிடுகின்றது. பின்னர் மலையைக் கடந்து ஊவாப் புறமாக இறங்குங்கால் அது வறண்ட காற்றாகின்றது. இதனையே நம்மவர் கச்சான் என்பர். ஆடி மாதத்தில் நுவரெலியாவிலே மூடுபனியிலும் தூறலிலும் நடுங்கியவர், ஹக்கலையைத் தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும் வெயிலைக் காண்பர். ஒரு மலையின் இரு புறத்தும் இரு வேறு காலங்கள்! வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களிலேயே இப்பகுதிக்குப் பெருமழை கிடைக்கின்றது.

இவ்வறட்சியே ஊவாவின் செல்வமுமாயிற்று என்பது வியப்புக்குரியது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இவ்வுலர்காற்றினால் தேயிலைக் கொழுந்தில் ஒரு தனி நறுமணம் திரள்கின்றது. உலகச் சந்தையிலே ஊவாத் தேயிலைக்குத் தனிப்பெயர் பெற்றுத் தந்தது அம்மணமேயாம். குறிஞ்சியும் முல்லையும் வேனிலின் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது நம் இலக்கியம் கண்ட உண்மை. ஊவாவிலோ அப்பாலைக் காலமே கொழுந்துக்கு மணம் ஊட்டுகின்றது.

பெயர்கள் கூறும் செய்தி

ஓர் ஊரின் மிகப் பழைய ஏடு அதன் பெயரே. சிங்கள மொழியில் வெலி என்பது மணலையும் மட என்பது சேற்றையும் குறிக்கும். மலையினின்று மண்ணையும் மணலையும் வாரிக்கொண்டு வரும் ஆற்றின் கரையிலுள்ள ஊருக்கு இப்பெயர் பொருந்துவதே. தலாவ என்பது மரம் அருகிய திறந்த புல்வெளி. ஆதலின் நுகத்தலாவ, குருத்தலாவ என்னும் பெயர்கள் இங்கு ஒருகாலத்தில் பரந்து கிடந்த புல்வெளியை இன்றும் நமக்கு உணர்த்துகின்றன. நுக என்பது ஆலமரம்; எனவே நுகத்தலாவ என்பதை ஆலந்திடல் எனத் தமிழாக்கலாம். பரண என்பது பழைமை. கம என்பது கிராமம். பரணகம பழையூர் என்னும் பொருளது. உமா ஓயாவின் பெயரிலோ மலைமகளின் திருநாமம் ஒலிக்கின்றது.

அயலவர் மொழியைக் கற்றால் அயல் ஊரின் பெயரும் பொருள் தருகின்றது. ஆலமரத்தடியையும் பழைய ஊரையும் மணற்கரையையும் கண்டு பெயரிட்ட சிங்கள உழவனும், குன்றையும் காட்டையும் கண்டு குறிஞ்சி, முல்லை என்ற தமிழ்ப் புலவனும் ஒரே கண்ணால் நிலத்தை நோக்கியவர்களே என்பது அப்போது விளங்கும்.

தோட்டங்களுக்குள்ளும் இத்தகைய பெயர்கள் உள. துரைமார் தம் நாட்டு ஊர்களின் பெயரைத் தோட்டத்துக்குச் சூட்டினர். தொழிலாளரோ அதே தோட்டத்தைத் தம் வாய்க்கிசைந்த வேறொரு பெயரால் அழைத்தனர். தேயிலை நிலத்தின் ஒவ்வொரு பகுதியையும் அவர்கள் மலை என்றே வழங்கினர். கோயில் மலை, பங்களா மலை, இத்தனையாம் நம்பர் மலை என்றவாறு அமைந்த அப்பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை; முதியோர் நாவிலே மட்டும் உள்ளன.

கருப்பொருள்: தெய்வமும் ஐதிகமும்

நுவரெலியாவினின்று வெலிமடை நோக்கி வரும் சாலையிலே முதலில் எதிர்ப்படுவது சீதா எலிய. ஓடைக்கரையிலே சீதையம்மன் கோயில் கொண்டுள்ள இடம் இது. ஓடைப் பாறையிலுள்ள குழிகளை அனுமனின் அடிச்சுவடு என அடியார் போற்றுவர். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் இக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. அப்பால் உயர்ந்து நிற்கும் ஹக்கல மலையை, அனுமன் தன் தாடையிற் கவ்விக் கொணர்ந்த மருந்துமலையின் துண்டு என்பர்; ஹக்க என்னும் சிங்களச் சொல்லுக்குத் தாடை என்பது பொருள். வெலிமடைப் புறத்தில் இஸ்திரிபுரம் என்னும் குகை உளது. ஸ்திரீபுரம் என்னும் வடமொழிப் பெயரின் திரிபாகிய இது மகளிரின் ஊர் எனப் பொருள்படும். சீதையை இராவணன் மறைத்துவைத்த இடங்களுள் இதுவும் ஒன்று என்பது ஐதிகம். அவள் தீப்புகுந்து தன் கற்பை நிறுவிய இடமாகத் திவுரும்பொல கூறப்படுகின்றது. சத்தியம் செய்யும் இடம் என்பது அப்பெயரின் பொருள். இன்று அங்கே இருப்பது ஒரு பௌத்த விகாரை. வழக்கு மூண்டவிடத்து இரு திறத்தாரும் அங்குச் சென்று சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

இவற்றை மாணாக்கர் எவ்வாறு கொள்ளுதல் வேண்டும்? ஐதிகம் வேறு, வரலாறு வேறு. கல்வெட்டும் அகழ்வும் காட்டுவன வரலாறு. மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிச் சொல்லி வருவன ஐதிகம். ஒன்றை மற்றொன்றாகக் காட்டுதல் கல்விக்கு அழகன்று. ஆயினும் ஐதிகத்தை வெறுங்கதை என்று தள்ளுதலும் தகாது. இராம காதையைக் கேட்டு வளர்ந்த இரு வேறு இனத்தார், ஒருவர் கோயிலாகவும் மற்றவர் விகாரையாகவும், ஒரே சாலையின் ஓரங்களிற் சீதையின் துயரை நினைவிருத்தியுள்ளனர். இந்நினைவு இங்கு வாழ்ந்தோரின் உள்ளத்துக்குச் சான்று. அவ்வளவில் அது வரலாறேயாகும்.

மரப்பாலமும் மக்கள் எழுச்சியும்

ஐதிகத்தை விட்டு வரலாற்றுச் சின்னங்களை நோக்குவோம். வெலிமடைக்கும் பதுளைக்கும் இடையே, ஹாலி எலவுக்கு மேற்கே ஒதுங்கியுள்ள போகொட என்னும் கிராமத்தில், உமா ஓயாவிற் சென்று கலக்கும் கல்லந்த ஓயாவின் குறுக்கே பழைய மரப்பாலம் ஒன்று உளது. நீளம் ஏறத்தாழ 50 அடி. அகலம் 6 அடி. பலா, மருது முதலிய மரங்களால் ஆயது. இரும்பாணிக்கு மாறாக மர ஆணிகளே கொண்டது. ஓடு வேய்ந்த கூரையும், வேலைப்பாடமைந்த கைப்பிடி வேலியும் உடையது. பதுளைக்கும் கண்டிக்கும் இடையே நடந்து சென்றோர் பயன்படுத்திய பழைய வழி இப்பாலத்தின் மீதே சென்றது. இலங்கையில் இன்றும் நிலைத்துள்ள மரப்பாலங்களுள் மிகப் பழையது இதுவே என்பர். அருகே குகையில் அமைந்த விகாரையும் உளது. வழிநடந்த எளியோர் மழைக்கு ஒதுங்கவும் இளைப்பாறவும் கூரையிட்ட அக்காலத் தச்சனின் அருளை நோக்குங்கால், பாலம் என்பது ஆற்றைக் கடக்கும் கருவி மட்டுமன்று, அறச்சாலையுமாம் என்பது புலனாகும்.

ஆங்கிலேயருக்கு எதிராக 1817ஆம் ஆண்டு ஊவா வெல்லசையில் மூண்ட எழுச்சி இந்நிலத்தையும் குலுக்கியது. எழுச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, தம் மக்களுக்கு எதிராகப் போர் தொடுக்க மனமின்றி அவர்களோடு சேர்ந்து தலைமை ஏற்றார். 1818ஆம் ஆண்டில் பரணகமக் குன்றொன்றில் மேஜர் மக்டொனால்ட் என்பார் சிறுபடையுடன் முற்றுகையைத் தாங்கி நின்றார். அவ்விடம் பின்னர் மக்டொனால்ட் கோட்டை எனப் பெயர் பெற்றது. இறுதியில் எழுச்சி அடக்கப்பட்டது. கெப்பெட்டிபொல 1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊவாவின் வயல்களும் நீர்நிலைகளும் கனிதரு மரங்களும் அழிக்கப்பட்டன. வெலிமடைக்கு அருகே அவர் பெயரைத் தாங்கிய ஊர் இன்று மரக்கறி வாணிகத்தால் அறியப்படுகின்றது. லொறிகள் நிறைந்த அச்சந்தையைக் கடக்கும் மாணாக்கர், அப்பெயர் யாருடையது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

மரமும் புள்ளும்

ஹக்கலப் பூங்கா 1861ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பாரின் மேற்பார்வையில் இது தோன்றியது. அக்காலத்து நோக்கம் அழகன்று, மருந்து. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குவினைனைத் தரும் சிங்கோனா மரத்தை வளர்த்து ஆராயவே இந்நிலம் திருத்தப்பட்டது. கோப்பி நோயுற்று அழிந்த காலத்தில் தோட்டக்காரர் பலர் சிங்கோனாவை நாடினர். பின்னர் அதனையும் விட்டுத் தேயிலைக்கு மாறினர். ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் அமைந்த இப்பூங்கா இன்று ரோசாவுக்கும் பன்னங்களுக்கும் பெயர் பெற்றது.

பூங்காவின் பின்னே எழும் காடு கடுங்காவலுக்குரிய இயற்கை ஒதுக்கமாகும். செறிந்த மயிர் போர்த்த மலைமந்தியும், விடியலிற் சீழ்க்கையொலி எழுப்பி மறையும் இலங்கைக்கே உரிய நீலநிறக் குருவியும் அங்கு வாழ்கின்றன. இம்மலைக் காடுகளின் கீழ்த்தளத்தில் நெலு என்னும் செடி வளர்கின்றது. ஆண்டுகள் பல பூவாது நின்று, பின் ஒருங்கே பூத்து, விதை ஈந்து மடிவது அதன் இயல்பு. நீலகிரியிற் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியும் இந்நெலுவும் ஒரே குடும்பத்தில் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. குறிஞ்சிப் பூவைப் பாடநூலில் மட்டுமே காணலாம் என்று எண்ணும் மலைநாட்டு மாணாக்கன், அதன் உறவு தன் வீட்டுக்கு மேலுள்ள காட்டிலே நிற்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

புல்வெளிகளிலே மானாப்புல் ஓங்கி நிற்கும். இடையிடையே நெல்லி காணப்படும். ஊவாவின் தாழ்ந்த புல்வெளிகளிலே கடுக்காயும் தான்றியும் நெல்லியோடு சேர்கின்றன. சித்த வைத்தியர் போற்றும் திரிபலையை இயற்கை ஒரே திடலில் நட்டு வைத்திருப்பது கருதத்தக்கது. பெரவெல்லைப் பக்கத்தே காட்டினூடு வீழும் பொம்புரு எல்ல, இலங்கையின் நீர்வீழ்ச்சிகளுள் மிக அகன்றதாகக் கூறப்படுவது. உயரத்தாற் புகழ் பெற்றது பதுளைத் துன்ஹிந்தை எனின், அகலத்தாற் புகழ் பெற்றது இஃது எனலாம்.

தொழிலும் உணவும்

புகைவண்டிப் பாதை 1894ஆம் ஆண்டிற் பண்டாரவளையையும் 1924ஆம் ஆண்டிற் பதுளையையும் அடைந்தது. அது மலைமுகட்டு வழியே சென்றமையால் வெலிமடைப் பள்ளத்தைத் தொடவில்லை. ஆதலின் இவ்வூர் புகைவண்டி நகராகாது, உழவர் கூடும் சந்தை நகராகவே வளர்ந்தது. பெரும்போகத்தில் நெல் விளையும் வயலிலே சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் தக்காளியும் விளைகின்றன. ஒரே வயல் ஆண்டுக்கொரு முறை மருதமாகவும் மறுமுறை காய்கறித் தோட்டமாகவும் உருமாறுவது இப்பகுதி உழவரின் திறம்.

இச்சந்தையிலே மூவினத்தாரும் கூடுகின்றனர். பள்ளத்து வயல்களில் சிங்கள உழவர். குருத்தலாவ, சில்மியாபுர முதலிய ஊர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள். மேட்டுத் தோட்டங்களில் நம்மவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டு, கல்கிசைப் புனித தோமையர் கல்லூரியின் கிளை குருத்தலாவையிலே தோன்றியமையால் கொழும்பு மாணாக்கரும் இக்குளிர்ந்த மண்ணைத் தேடி வந்தனர்.

தோட்டத் தொழிலின் சொற்கள் தனியே ஓர் அகராதிக்கு உரியன. பெரட்டு, கொழுந்து, கவ்வாத்து, கங்காணி, கொந்தரப்பு, கான் வெட்டு என்பனவற்றுட் சில தூய தமிழ். சில பிறமொழிச் சொற்கள் நம்மவர் நாவிலே தோய்ந்து தமிழானவை. பண்டிதர் இவற்றைக் கொச்சை என ஒதுக்கினும், உழைப்பின் நுட்பம் அறிந்தோர் ஒதுக்கார். சரிவிலே மழைநீர் மண்ணை வாரிச் செல்லாதவாறு குறுக்கே வாய்க்கால் எடுப்பதைக் கான் வெட்டுதல் என்பர். அச்சொல்லில் மலை காக்கும் அறிவியல் முழுதும் அடங்கியுள்ளது.

பறையும் பாட்டும்

மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமன் கூத்து நிகழும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்ததும், இரதி புலம்பியதும், அவன் மீள உயிர்பெற்றதும் ஆகிய கதையை, கம்பம் நட்டு, தப்பு முழங்க, நாட்கணக்கில் ஆடிப் பாடுவர். பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் இவ்வாறே ஆடப்பெற்றன. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து கொய்வார் பாட்டும் இவற்றோடு சேரும். எழுதப் படிக்க வாய்ப்பில்லாதிருந்த முன்னோர், தென்னாட்டினின்று புறப்பட்டபோது தம்முடன் ஏடுகளைக் கொணர்ந்திலர், நெஞ்சிலே கொணர்ந்தனர். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இம்மக்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டி அச்சேற்றிய தொண்டு நன்றியுடன் நினைக்கத்தக்கது. ஆயினும் ஒருவர் திரட்டியது ஒரு கை நீர். இன்று கூத்துப் பயிற்றும் வாத்தியார்மார் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் பாட்டுக் குறிப்பேடுகள் பெட்டியடியிலே செல்லரிக்கின்றன.

உரிப்பொருள்: பிரிதலும் இருத்தலும்

குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் புணர்தல் என்பர் நூலோர். இம்மலைகளில் வாழ்ந்த நம்மவர்க்கோ வரலாறு விதித்த ஒழுக்கம் பிரிதலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னாட்டுக் கிராமங்களைப் பிரிந்தனர். கடல் கடந்து, மன்னாரினின்று காட்டுவழியே நடந்து மலையேறுகையில், நோயாலும் பசியாலும் உறவினரை வழியிலேயே பிரிந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஏற்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரு லயத்தில் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் இரு நாட்டினவாயின. ஊவாவினின்று சென்றோர் தமிழ்நாட்டு மலைகளிலும் பிற இடங்களிலும் மீண்டும் புதியவராயினர். எஞ்சியோர்க்குரிய குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெரும்பாலும் தீர்ந்தது. இன்றோ இளையோர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பிரிகின்றனர்.

சட்டம் குடியுரிமையைத் தந்துவிட்டது. ஆயினும் ஊருரிமை என ஒன்று உண்டு. அதனைச் சட்டம் தரவியலாது. எமது வகுப்பறை அனுபவம் ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். 'எமது ஊர்' என்னும் பொருளில் கட்டுரை எழுதப் பணித்தால், தேயிலை மலையிலே பிறந்த பிள்ளைகள் தாமரைக் குளத்தையும் தென்னஞ்சோலையையும் ஆற்றங்கரைத் தோணியையும் எழுதுகின்றனர். வழிகாட்டி நூல்களில் அச்சாகியுள்ள கட்டுரை அதுவே. பிள்ளைகள் மீது குற்றமில்லை. தம் ஊர் எழுதத்தக்கது என அவர்க்கு எவரும் கூறியதில்லை. மூடுபனியையும் கச்சானையும் கொழுந்து நிறுக்கும் தராசையும் எழுதலாம் என்று கூறியபின்னர், அதே பிள்ளைகளின் எழுத்திலே உயிர் ததும்புகின்றது.

முல்லைக்கு உரிய ஒழுக்கம் இருத்தல். புல்வெளி சூழ்ந்த இம்மண்ணிலே பல தலைமுறை பிரிதலைத் தாங்கிய மக்களுக்கு இனி வேண்டுவது அவ்விருத்தலேயாம். இருத்தலாவது அசையாதிருத்தலன்று, எங்குச் சென்றாலும் தமக்கு ஓர் ஊர் உண்டு என்று தெளிந்திருத்தல்.

மண் கூறும் எச்சரிக்கை

அவ்வூரோ நம் கண்முன்னே கரைகின்றது. இஃது அணியன்று, உண்மை. செங்குத்தான சரிவுகளிலே தடுப்பின்றிக் கிழங்கும் மரக்கறியும் பயிரிடுவதால், பெருமழைதோறும் மேல்மண் உமா ஓயாவிற் கலந்து மகாவலியை நோக்கிச் செல்கின்றது. 1990ஆம் ஆண்டில் நிறைவுற்ற ரந்தம்பை நீர்த்தேக்கம் இவ்வாற்றின் மண்ணால் தூர்ந்து கொள்ளளவு இழந்து வருகின்றது. புல்வெளிகள் பலவற்றில் பைனஸ் மரங்கள் நடப்பட்டன. அம்மரங்களின் கீழ்ப் பழைய புல்லும் நெல்லியும் தழைப்பதில்லை.

உமா ஓயாவின் நீரையே திசைதிருப்பும் பெருந்திட்டமும் நிறைவேறியுள்ளது. புகுல்பொல, டயரபா என்னும் இடங்களில் அணைகள் கட்டி, மலையைக் குடைந்த சுரங்கவழியே நீரைத் தென்கிழக்கின் வறண்ட நிலத்துக்குக் கொண்டுசெல்லும் இத்திட்டம் 120 மெகாவாற்று மின்னாக்கும் ஆற்றலுடையது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இது திறந்து வைக்கப்பட்டது. வறண்ட நிலத்து உழவர்க்கு நீர் கிடைப்பது நன்றே. எனினும் சுரங்கம் தோண்டுகையில், 2014ஆம் ஆண்டின் இறுதியில், நிலத்தடி நீர் சுரங்கத்துட் பெருகிப் பாய்ந்தமையால், பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றின; வீடுகள் வெடித்தன. மேட்டிலே செய்வது பள்ளத்திலும், ஓரிடத்திலே செய்வது மற்றோரிடத்திலும் வந்து தோன்றும் என்பதற்கு இது சான்று.

அதே 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள், இம்மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மலைச்சரிவு மூடியது. பல உயிர்கள் மண்ணுட் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எனினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். வேறு வீடு அவர்க்கு இருந்ததில்லை. ஊரை அறிதல் என்பது பொழுதுபோக்குக் கல்வியன்று, உயிர்காக்கும் கல்வி என்பதை இதனினும் வலிதாகக் கூற எமக்குச் சொல் இல்லை. எந்த ஊற்று நிறம் மாறியது, எந்தச் சரிவில் வெடிப்புத் தோன்றியது, எந்தக் கான் அடைபட்டது என்பவற்றை முதலில் அறிபவர் அங்கு வாழ்பவரே. அவ்வறிவு உரியவிடத்திற் பேசவும் எழுதவும் வல்லதாதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

விழாக்காணும் இவ்வேளையில், பெருஞ்செலவு வேண்டாத சிலவற்றை மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் உரைக்க விழைகின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு மாணாக்கனும் தன் தோட்டத்து மலைகளின் பெயர்களையும் ஓடைகளின் பெயர்களையும், அவை வந்த காரணத்தையும் முதியோரிடம் கேட்டு எழுதுக. ஒரு பயிற்சிப் புத்தகம் போதும்.

இரண்டாவது, காமன் கூத்துப் பாட்டுக் குறிப்பேடு வைத்திருப்போரை நாடி, அவர் இசைவுடன் படியெடுத்துக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பிக்க. கைபேசியில் ஒலிப்பதிவு செய்யும் வாய்ப்பு இன்று எளியோர்க்கும் உண்டு. அதனை வேடிக்கைக்கு மட்டும் பயன்படுத்தல் வேண்டா.

மூன்றாவது, கல்விச் சுற்றுலா என்றவுடன் தொலைதூரத்தை நாடாது, போகொடப் பாலத்துக்கும் ஹக்கலைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்க. ஐதிகம் எது, வரலாறு எது எனப் பிரித்தறியும் பயிற்சியை அங்கேயே அளிக்க.

நான்காவது, பள்ளி வளவில் ஒரு மழைமானி வைத்து நாடோறும் அளந்து எழுதுக. பத்தாண்டுக் கணக்கு ஒன்று இருந்தால், மழை மாறுகின்றதா என்பதைப் பிறர் சொல்லக் கேட்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, அயலவர் மொழியைப் பிழையறக் கற்க. ஊரின் பெயருக்கே பொருள் தரும் மொழியை அறியாது ஊரை அறிதல் இயலாது. அவ்வாறே நம் காமன் கூத்தைக் காண அயலவரையும் அழைக்க.

பழைய மாணவர்களுக்கு ஒன்று. நீவிர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் உயர்ந்த பணிகளில் உள்ளீர். பெற்றோரும் பாட்டன் பாட்டியும் உயிரோடிருப்பின், அவர் எவ்வூரினின்று வந்தனர், எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் வாழ்ந்தனர், யார் யார் 1964க்குப் பின் பிரிந்து சென்றனர் என்பவற்றைக் கேட்டு எழுதி அனுப்புக. கட்டடம் எழுப்புவோர் பலர் கிடைப்பர். இதனை எழுதுவதற்கு உம்மையன்றி வேறொருவர் இல்லை.

நம் முன்னோரைத் தோட்டப் பதிவேடு எண்களாக எழுதியது. அரசியல் ஒப்பந்தம் தொகைகளாக எழுதியது. வெலிமடையின் மலைகளுக்கும் ஓடைகளுக்கும் அவர்கள் இட்ட பெயர்களையும், அம்மலைகளின் நடுவே அவர்கள் பாடிய பாட்டுகளையும் நாம் எழுதுவோமாக. எழுதிவைத்த ஊரிலிருந்து எவரையும் எளிதிற் பிரித்தல் இயலாது.